மாடசாமியின் கண் அட்டை

13 பிப்ரவரி 1983, ஞாயிறு. சங்கரன்கோவில்.

பருத்திக்குப் பூச்சிமருந்து விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடத்தியது. ‘சமுதாயத்துக்கு எங்கள் கடமை’ என்று பந்தலில் துணி கட்டியிருந்தார்கள். வாத்தியார்களில் என் கையெழுத்து அழகு என்பதால், கம்பெனி டாக்டர் சொல்லச் சொல்ல அட்டைகளை நிரப்பும் வேலை எனக்கு.

கம்பெனி மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்த மாடசாமியை அழைத்தார்கள். பத்து வருடமாக இளையரசனேந்தல் பருத்திக் காடுகளில் அந்த மருந்தைக் கூலிக்கு அடிப்பவன். நேராகப் போய் அவருடைய கார் டிரைவருக்குப் போர்த்திவிட்டான்.

“ஏலே, மேனேஜர் அங்கன இருக்காரு!” என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. மேனேஜரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். போட்டோவுக்காக இரண்டாம் முறை நானே அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

பிறகு பரிசோதனை. “மருந்து அடிக்கப் போய்த்தான்யா கண்ணு மங்குது. அத எழுதிக் குடுங்க. மொதலாளிட்ட காட்டி வேற வேல கேக்கணும்” என்றான் மாடசாமி.

டாக்டர் என் பக்கம் திரும்பி, “காரணம், முதுமை” என்றார்.

வயது முப்பத்திரண்டு என்று சற்றுமுன் நான்தான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே முதுமை என்றும் எழுதினேன். எழுத்து கொஞ்சமும் பிசகவில்லை.

மாடசாமி அட்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான். “எனக்குப் படிக்கத் தெரியாட்டி என்ன சார்வாள், நீங்க எழுதினதுல்லா. நாளைக்கே மொதலாளிட்ட காட்டுதேன்.”

முதலாளிக்குப் படிக்கத் தெரியும்.