காலி கிளாஸின் வாசனை

மார்ச் 3, செவ்வாய்

இந்த ஹோட்டலின் சலவைப் பிரிவில் பதினாலு வருடம் குப்பை கொட்டியாயிற்று. இன்று மாடியில் உள்ள விஸ்கி, சுருட்டு அறைக்கு விண்ணப்பம் கொடுத்தேன். பரிமாறும் பொறுப்பாளர் வேலை காலியாம். 28ஆம் தேதி தேர்வு. பெயர் மறைத்த மூன்று கிளாஸ் சிங்கிள் மால்ட் விஸ்கியில் எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். அந்த அறையின் மேலாளரை எல்லோரும் மூக்கு சார் என்போம். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “சோப்புத் தண்ணியில ஊறின மூக்கும்மா அது. சரிப்பட்டு வருமா?” என்றார்.

வரும். வரவைப்பேன்.

மார்ச் 5

பதினொரு மணிக்கு முதல் பயிற்சி. மூக்கை கிளாஸுக்குள் விட்டதும் கண்ணில் பொலபொலவென்று நீர். “வாய லேசா தெறந்துக்கிட்டு மோந்து பாருங்க” என்றார் மூக்கு சார். காரம் அடங்கியது, பின்னாலேயே உலர்ந்த திராட்சை வந்தது! இரண்டு சொட்டு தண்ணீர் விட்டால் இன்னும் விரிகிறது. ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் துப்பினேன். விழுங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குத் தெரிந்தால், குடிக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று குதிப்பாள். குதிக்கட்டும்.

மார்ச் 8

சுருட்டு வெட்டினேன். கத்தரி ஆழமாக இறங்கி, மேலே சுற்றியிருந்த இலை சுருள் சுருளாகப் பிரிந்து வந்துவிட்டது. “நுனியில இருக்கிற தொப்பிய மட்டும் சீவணும். நீங்க கழுத்தையே வெட்டிட்டீங்க” என்றார் மூக்கு சார். மானம் போயிற்று. ஆனால் பற்றவைக்காத சுருட்டை முகர்ந்தால் வைக்கோலும் புதுத் தோலும் சேர்ந்த ஒரு வாசனை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 12

வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சி. மிளகு, தேன், நனைந்த அட்டைப்பெட்டி என்று மகள் ஒவ்வொன்றாக நீட்டுகிறாள். கடைசியில் அவள் அப்பாவின் ஷூவை நீட்டியிருக்கிறாள், கழுதை. “தோல், கொஞ்சம் கடல் உப்பு” என்றேன். “பதினெட்டு வருஷமா கூட இருக்கேன், இன்னைக்குத்தான் என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வந்திருக்கு” என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 15

புகை வாசனை உள்ள விஸ்கியை ஐந்து முறையும் சரியாகப் பிடித்தேன். மூன்றில் ஒன்று என் கையில்.

மார்ச் 19

மற்ற இரண்டும் பிடிபடவே இல்லை. எல்லாவற்றின் மேலும் ஒரே பூ வாசனை போர்த்தியிருக்கிறது. மூக்கு சார் அச்சடித்து வைத்திருக்கும் வாசனைக் குறிப்பு அட்டைகளில் எட்டு விஸ்கிக்கும் ‘இறுதியில் மெல்லிய லாவெண்டர்’ என்று இருக்கிறது. அதற்கென்றே உறுப்பினர்கள் வருகிறார்களாம். ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் கண்ணை மூடி, “ஆஹா, லாவெண்டர்!” என்று உருகுகிறார்.

எனக்கு மட்டும் அது ஏன் சலவை அறை வாசனையாகவே படுகிறது? மூக்கு நிஜமாகவே ஊறிப்போய்விட்டதா?

மார்ச் 23

இன்று காலி கிளாஸை முகர்ந்தேன். லாவெண்டர்! கிளாஸ் துடைக்கும் துணியை முகர்ந்தேன். திக்கென்றது. துணி மிருதுவாவதற்கு எங்கள் பிரிவில் ஊற்றும் திரவத்தின் வாசனை அது. பார் துணி சொரசொரப்பாக இருக்கிறது என்று போன ஜூனில் புகார் வந்தது. அலசும்போது இரண்டு மூடி சேர்த்து ஊற்றச் சொன்னவள்... நான்தான்.

ஐயோ. ஒன்பது மாதமாக இத்தனை பெரிய மனிதர்களும் என் சலவையை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 25

சொன்னால் பழி என் தலையில் விழும். மூக்கு சார் பெயரும் கெடும் - தேர்வில் மதிப்பெண் போடப்போவது அவர். “நீயும் லாவெண்டர்னு சொல்லிட்டுப் போயேன். வேலை கெடச்சப்புறம் துணிய மாத்திக்கலாம்” என்கிறார் வீட்டுக்காரர்.

நல்ல யோசனைதான். முடியாது. ஷூவக்கூட விடாம மோந்து மோந்து கத்துக்கிட்டேனே, இல்லாத வாசனைய இருக்குன்னு சொல்லவா? வேலை போனா போகட்டும். சொல்லத்தான் போறேன்.

மார்ச் 28, சனி

மேசைக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் முதலாளி, மூக்கு சார், உறுப்பினர்கள் சார்பில் கேப்டன். ஆரம்பிக்கும் முன் ஒரு காலி கிளாஸை முதலாளியிடம் நீட்டினேன். “மோந்து பாருங்க சார்.”

“லாவெண்டர்... இதுல ஒண்ணுமே இல்லையே?”

துணியையும் வைத்து, என் தப்பையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். மூக்கு சார் முகத்தில் ஈயாடவில்லை. கேப்டன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. “அப்போ தேர்வு எப்படி நடத்துறது?”

“பத்து நிமிஷம் குடுங்க சார்.”

மூன்று புது கிளாஸை வெந்நீரில் நானே கழுவிக் கவிழ்த்தேன். துணியே படவிடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக முகர்ந்தேன். திராட்சை - ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறியது. வெனிலா, தேன் - போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாயில் ஊறியது. மூன்றாவது புகை. போர்வையை விலக்கியதுபோல எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மூன்றும் சரி.

மூக்கு சார் அந்த கிளாஸ்களைத் தானும் எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். முடிவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1

வேலைக்கான கடிதம் இன்னும் வரவில்லை. ‘பார் துணிக்கு வெறும் வெந்நீர் மட்டும்’ என்று எழுதி சலவை இயந்திரத்தின் மேல் ஒட்டினேன்.

ஏப்ரல் 9

சுருட்டு அலமாரியின் சாவி இடுப்பில் குத்துகிறது. கொக்கி ஒன்று வாங்க வேண்டும்.

பழைய அட்டைகளைக் கிழித்துப் போட்டது மூக்கு சாரேதான். புது அட்டை எழுத என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். எட்டு விஸ்கியில் ஐந்துக்கு என் வார்த்தைகள்.

மத்தியானம் கேப்டன் வந்தார். கிளாஸை இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “என் லாவெண்டர் எங்கம்மா போச்சு?”

“சலவைக்குப் போட்டிருக்கு சார்” என்றேன்.

அடக்கமாட்டாமல் முதலில் சிரித்தது மூக்கு சார்தான்.