கறுத்துப்போன செம்பு

7 ஜூலை 2025

இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்று வண்டி கிளம்பியது. அண்ணனின் நெல் கோடவுனில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை மெக்கானிக் வெங்கடேசனும் நானும் வெளியே தள்ளினோம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புது பேட்டரி போட்டோம். கிளம்பிய ஜோரில் கக்கிய கரும்புகையில் எதிரே இருந்த டீக்கடையே மறைந்துபோனது.

அசீம் அண்ணன் மண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர் குந்தற வண்டிக்கு நாலு பேர் வேலை. இத இன்னாத்துக்குடா இன்னும் கட்டிக்கினு அழற?" என்றார். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலையில் இருந்தபோது சென்னையில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அன்று தொடங்கிய கேலி. ஆனால் கம்பெனியை விட்டு ஊருக்கு வந்தபோது வண்டிக்குக் கோடவுனில் இடமும் எனக்கு மண்டியில் எடை பார்க்கும் வேலையும் கொடுத்தவர் அவர்தான்.

செப்டம்பர் பதினெட்டோடு வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. அதற்குள் புகைச் சான்று வாங்கி, எஃப்.சி.யில் பாஸாகி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புதான்.

எனக்கும் ஒரு கெடு இருக்கிறது. அது என் மனைவி சைமாவுக்கு மட்டும் தெரியும்.

11 ஜூலை

சைமாவுடன் காஞ்சிபுரம் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். ஓரப் பார்வை இன்னும் குறைந்திருக்கிறதாம். நேரே இருக்கும் பொடி எழுத்தையும் படித்துவிடுவேன். பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் தெரியமாட்டார். இரவு ஷிப்டில் தடுக்கித் தடுக்கி விழுந்துதான் இந்த நோயையே கண்டுபிடித்தேன். கம்பெனியை விட்டதற்கு அண்ணனிடம் ஆள் குறைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தால் என்னை மூட்டைமேல் உட்கார வைத்துச் சோறு ஊட்டுவார். அது எனக்கு வேண்டாம்.

"இனிமே வண்டி ஓட்டாதீங்க. அடுத்த தடவை வரும்போது நிறுத்திட்டேன்னு நீங்க சொல்லணும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் சைமா, "காதுல வுழுந்துச்சா?" என்றாள்.

விழுந்தது. ஆனாலும் ஒரே ஒரு தடவை. பகலில், நிதானமாக, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று ஆறு கூடும் திருமுக்கூடல் வரைக்கும். கல்யாணமான புதிதில் சொன்ன சொல். அதன்பின் சாவியைத் தொடமாட்டேன். இது பேராசையா? தெரியவில்லை.

19 ஜூலை

புகைச் சோதனையில் பெயில். கார்பன் மோனாக்சைடு 0.3க்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டி 2.8. சோதனைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே அச்சடித்துக் கொடுத்தார்.

3 ஆகஸ்ட்

ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் புதிது. இஞ்செக்டரைக் கழுவியாயிற்று. வெங்கடேசன் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி, புகையை மோந்து பார்த்து இஞ்சினுக்குச் சொல்கிற அந்த ஆக்சிஜன் சென்சாரையும் வாங்கி மாட்டினார். மறுபடி பெயில். ஐடிலில் இஞ்சின் மூச்சு வாங்குகிறது. பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறது.

"பேஜாரா கீது பாய். இதுக்கு மேல எனக்குத் தெரில" என்று கையைத் துடைத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. எனக்குத்தான் எரிச்சல். அவர் துடைத்துப்போட்ட துணியை எட்டி உதைத்தேன். கால் பட்டது பக்கத்தில் இருந்த ஜாக்கிமேல். அது அங்கே இருந்தது தெரியவில்லை. நகம் பெயர்ந்துவிட்டது.

4 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

சைமா டார்ச் பிடித்தாள். சென்சாரிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற ஒயரை ஒவ்வொரு முழமாகப் பார்த்தேன். வெளித்தோல் புதிதுபோல இருந்தது. சந்தேகப்பட்டுக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு கரிக்கட்டையாகக் கறுத்திருக்கிறது. இணைப்பு முனைகள் எல்லாம் அப்படியே. சென்சார் சொல்வது பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி வராததால் பெட்டி பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும். இப்படிக் கறுக்காது. கம்பெனியில் நான் ஒயரிங் பிரிவு. கப்பலில் வரும் பெட்டிகளுக்குப் பூச்சி மருந்துப் புகை போடும்போது ஒயர் கட்டுகளைத் தனியே எடுத்துவைக்கச் சொல்வார்கள். செம்புக்கு அந்தப் புகை ஆகாது, கறுத்துவிடும்.

மண்டிக்குப் போய் ஒன்றும் தெரியாதவன்போல அண்ணனிடம் கேட்டேன்.

"வண்டியில ஒரு ஒயரக்கூட எலி கடிக்கலியே, எப்படிண்ணே?"

அவர் முகம் மலர்ந்தது. "நெல்லு மூட்டைக்கு வெக்கிற வண்டு மாத்திரைய உன் வண்டிக்குள்ளயும் வெச்சிகினே இருந்தேன்டா. தார்ப்பாய இழுத்து மூடிட்டா எலி இன்னா, எறும்புகூட வராது. நீ கேக்காட்டியும் நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

அந்த மாத்திரையிலிருந்து வருவதும் அதே புகைதான். எனக்குக் கோபம் வந்தது. நான்கு வாரம் போயிற்று. என் கண்ணுக்கு நான்கு வாரம் என்றால் என்னவென்று இந்த மனுஷனுக்குத் தெரியுமா? தெரியாது. நான்தான் சொல்லவே இல்லையே. கேலி செய்துகொண்டே இரண்டு வருடம் என் வண்டியை அடைகாத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

வெங்கடேசன் கேட்டபோது ஈரம் என்று சொல்லிவிட்டேன். அதையே அண்ணனிடமும் சொன்னேன். கோடவுன் கூரை போட்டவனை ஒரு பாட்டம் திட்டினார்.

21 ஆகஸ்ட்

ஒயர் கட்டு முழுவதையும் மாற்றிவிட்டேன். கண் வலிக்கிறது. நேரே பார்க்கிற வட்டமும் சாயங்காலமானால் மங்குகிறது.

29 ஆகஸ்ட்

பாஸ். 0.2. சோதனைக்காரர் கருவி சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தார். மறுபடியும் 0.2.

இஞ்சின் சத்தம் அப்படியே அந்தப் பழைய சத்தம். வீட்டு வாசலில் உட்கார்ந்து சைமாவும் கேட்டாள். பிறகு, "சத்தம் கேட்டாச்சு இல்ல. போதும்ங்க" என்றாள். எஃப்.சி. முடியட்டும் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

10 செப்டம்பர்

எஃப்.சி. நாள். அண்ணன் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனை மைதானம் வரைக்கும் வெங்கடேசன் ஓட்டி வருவதாகச் சொன்னதை வேண்டாம் என்றுவிட்டேன். ஊரிலிருந்து நானே ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. கர்வமாகக்கூட இருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பர், விளக்கு, டயர், புகைச் சான்று எல்லாம் பார்த்தார். பிறகு, "நேரா போய், வளைஞ்சு வந்து, நான் கை காட்டின எடத்துல நிறுத்துங்க" என்றார்.

வளைந்தேன். அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று அண்ணன் கத்தினார். வண்டி குலுங்கி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தார். இடது பக்கம் ஒரு ஆட்டோக்காரர், கையில் பேப்பரோடு, பானட்டில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எப்போது வந்தார்? நடந்துதான் வந்தாராம். மைதானத்தின் ஓரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எனக்கு அவர் இல்லவே இல்லை.

அடி எதுவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஸ்பெக்டர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பிரேக்கு நல்லாத்தான் கீது. புடிச்சது நீங்க இல்லியே" என்றார். வண்டி பாஸ். என்னை மட்டும் கண் சர்ட்டிபிகேட்டோடு தனியே வந்து பார்க்கச் சொன்னார்.

நானே இறங்கினேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் அந்த வெயிலிலேயே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"கூடப் பொறந்தவன்கிட்ட ஏன்டா மறைச்ச? நான் இன்னா உனக்கு வேத்தாளா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எத எத மறைச்சிகினு இருக்க நீ?"

கறுத்த செம்பு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதற்கும் சேர்த்தே திட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது அவர் ஓட்டினார். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க, வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

12 செப்டம்பர்

சாவியைக் கேட்டேன். அண்ணன் தரவில்லை. "உனக்கில்ல. சைமாவுக்கு" என்றார். அவள் டிரைவிங் ஸ்கூலில் சேரட்டும் என்று அவரே பேசிவிட்டு வந்திருக்கிறார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

26 அக்டோபர்

சைமாவுக்கு லைசென்ஸ் வந்து இரண்டாம் நாள். மழை விட்டிருந்தது. இருவரும் திருமுக்கூடல் போனோம். நான் இடது சீட்டில். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் உதட்டைக் கடிக்கிறாள். முதலில் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டு வந்தேன். "வாய மூடிக்கினு வாங்க" என்றாள். மூடிக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் ஓடியது.

திரும்பும் வழியில் ஒரு முக்கில் வண்டியை நிறுத்தினாள். என் பக்கம் புதர். அவளுக்கு ரோடு தெரியவில்லை.

"லெஃப்ட்ல யாராச்சும் வராங்களா, பாருங்க" என்றாள்.

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்டதை அவள் திரும்ப வாங்கவில்லை. கிளட்சை மிதித்தபடி காத்திருந்தாள்.

கண்ணாடியை இறக்கினேன். உடம்பை முழுக்கத் திருப்பி, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். தூரத்தில் ஒரு சைக்கிள். அது கடந்து போகும்வரை பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"யாரும் இல்ல, போ" என்றேன்.

போனாள்.