நைனாவுக்குப் போட்ட பன்னிரண்டு மார்க்

என் ஆசை நைனாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதல் கோபம் என்மேல்தான்.

காசிமேட்டில் நாற்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவன் நீ. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாய். பயந்துபோய் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது நான்.

டாக்டர் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். "இன்னைக்கு என்ன தேதி?"

"பஞ்சமி சார்," என்றாய். அவர் சைபர் போட்டார். கடலில் நீரோட்டம் பிறையைப் பார்த்துத்தான் மாறும், நீ நாளைக் கணக்கு வைப்பது திதியில்தான் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா?

ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். "பள்ளிக்கூடமே போனதில்ல சார், பென்சிலு புடிக்க எங்க கத்துக்கினேன்?" என்று சிரித்தாய். அதற்கும் சைபர். முப்பதுக்குப் பன்னிரண்டு. மறதி நோய் என்று எழுதிக் கொடுத்தார்.

படித்தவர்களை வைத்துச் செய்த அளவுகோலால் உன்னை அளந்தார்கள், நைனா. நான் அந்தத் தாளைப் படகு ஓனரிடம் காட்டி உன்னைக் கரையில் உட்கார வைத்தேன். "நான் இன்னா தப்பு பண்ணேன் கண்ணு?" என்று கேட்டாய். இரண்டே வருஷம், வீட்டுக்குள் கிடந்தே கண்ணை மூடிவிட்டாய்.

இப்போது ஒரு சேதி கேள். பெரியவர்களின் வயது, படிப்பு, தொழில் பார்த்துத் தனித்தனி அளவு தயாரிக்க நம் பக்கத்துக் கல்மண்டபத்துக்கு ஒரு குழு வந்திருக்கிறது. மறதி இல்லாதவர்களுக்கே எத்தனை மார்க் வருகிறது என்று தெரிந்துகொள்ள, நல்லபடியாக நடமாடுகிறவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். உன் படகு எஞ்சினைப் பழுது பார்த்த ஜமால் மாமாவைக் கூட்டிப் போனேன். அவரும் உன்னைப் போலப் பள்ளிக்கூடம் போகாதவர்தானே?

தேதி கேட்டதற்கு, பள்ளிவாசல் கணக்கில் "பிறை ஒம்போது," என்றார். கேள்வி கேட்ட குழுப் பெண் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டு, ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டாள். உன் டாக்டருக்கு அந்த ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையே!

மாமாவுக்குப் பதின்மூன்று. "அப்ப நானும் மறதி கேஸா? நேத்துகூட ஒரு எஞ்சினைப் பிரிச்சு மாட்டிட்டு வந்தேன்!" என்று கத்தினார். நான் உன் பழைய தாளை நீட்டினேன்.

"இதை மட்டும் வெச்சு நோய்னு சொல்லியிருக்கவே கூடாது அக்கா," என்றாள் அந்தப் பெண். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

அந்தப் புது அளவு தயாராக இன்னும் நிறையப் பேர் வேண்டுமாம். நம் தெருவில் பள்ளிக்கூடம் பார்க்காத ஒவ்வொரு பெரியவரையும் நானே கூட்டிப் போவேன். அவர்கள் சொல்வது கேட்கிறவர்களுக்குப் புரியாவிட்டால், இந்தத் தடவை வாயைத் திறப்பேன்.

நேற்று பழைய காலண்டரைத் தேடி எடுத்துப் பார்த்தேன், நைனா. அன்றைக்குப் பஞ்சமிதான்.

உன்னைக் கரையில் உட்கார வைத்த மகள்,
கஸ்தூரி