யூனிஸின் மாத்திரையும் நம் வீட்டு ஒயினும்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
10.1.1966

அன்பு மகன் ஹெர்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. அந்தப் பிலாய்க் குளிரில் கர்த்தர் உன்னைச் சுகமாய் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் குமட்டுகிறது. வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. அந்த மாத்திரை இனி வேண்டாம், யூனிஸைக் கோலாரில் அவள் தாய்வீட்டில் விட்டுவிடுங்கள், குணமானால் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு சீ என்று மேசைமேல் போட்டேன். கட்டின மனைவியைப் பற்றி, பழுதான சாமானைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிற மாதிரி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவள் வந்து, அவர் என்ன எழுதியிருக்கார் என்று கேட்டாள். வேலை அதிகமாம் என்று சொல்லிச் சமாளித்தேன். நான் பெற்ற பிள்ளைக்காக வெட்கப்பட்டது அன்றுதான்.

உன் நோரா பெரியம்மா எழுதினதை நம்பித்தான் நீ எழுதினாய் என்று தெரியும். அந்த மாத்திரைதான் பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தது என்று எழுதியிருப்பார்கள். லிங்கராஜபுரத்திலிருந்து ஜெபம் பண்ண என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் வருகிறார்கள். ஆகஸ்டில் பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம், மறைச்ச பாவம் ஏதாவது இருந்தா சொல்லிடும்மா என்று கேட்டுவிட்டு, அதே வாயால் நான் செய்த கல்கலாப் பலகாரத்தைத் தட்டு நிறையத் தின்றுவிட்டுப் போனார்கள். ஆனால் பெரியம்மாவைத் திட்டுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு. கொஞ்சம் பொறுமையாய்ப் படி.

அக்டோபரில் டாக்டர் பெர்னார்ட் அந்த மாத்திரையைக் கொடுத்தபோது அது என்ன செய்யும் என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மூளையில் நரம்பும் நரம்பும் ஒட்டிக்கொண்டு இல்லையாம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறதாம். ஒரு நரம்பு ஏதோ ஒரு சத்தைச் சுரந்துதான் அடுத்த நரம்புக்குச் சேதி சொல்கிறதாம். அந்தச் சத்தை அழித்துச் சுத்தம் பண்ண உடம்பிலேயே இன்னொன்று இருக்கிறது. பந்தியில நீங்க சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் இலையை எடுத்தா எப்படிம்மா வயிறு ரொம்பும், அந்த ஆளைத்தான் இந்த மாத்திரை பிடிச்சு நிறுத்துது என்றார். சத்து கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேரும், மூன்று வாரம் ஆனாலும் ஆகும், முழுவதும் எங்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவளாக எழுந்து தலை வாரிக்கொண்டு, காபியில சக்கரை பத்தல அத்தை என்றாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதே ஆள் வயிற்றிலும் வேலை பார்க்கிறானாம். புளித்த பண்டங்கள், சீஸ், ஒயின் இவற்றில் இருக்கிற ஒரு பொருளை அவன்தான் அழிக்கிறான். மாத்திரை சாப்பிடும்போது அவன் இல்லாததால் அது நேரே ரத்தத்தில் ஏறிக் கொதிப்பைத் தூக்கிவிடும், ஒரு வாய்கூடக் கூடாது என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

நம் வீட்டு ஒயின் உனக்குத் தெரியும். திராட்சையும் கோதுமையும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு ஜாடியில் இருபத்தொரு நாள் வைப்பேன். தெளிவை விருந்தாளிகளுக்கு ஊற்றுவேன், அடியில் தங்குகிற மண்டியை மட்டும் பிள்ளை பெற்ற வீட்டுப் பெண்களுக்குப் பலத்துக்கு என்று எடுத்து வைப்பேன். கிறிஸ்துமஸ் மத்தியானம், தேறி வருகிற பெண் என்று அந்த மண்டியில் ஒரு டம்ளர் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்னது கடை ஒயினைத்தான், வீட்டுச் சரக்கு மருந்து மாதிரி என்று என் புத்தி சொன்னது. அரைமணி நேரத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டு, தலை வெடிக்குது என்று விழுந்தாள். வாந்தி, நெஞ்சு படபடப்பு. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஊசி போட்டபிறகுதான் கொதிப்பு இறங்கியது.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். சோறும் ஆட்டுக்கறியும்தான் என்றேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள், ஒயினைச் சொல்ல வெட்கப்பட்டேன். காரணம் புரியாமல் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பெரியம்மா ஊர் முழுக்க மாத்திரையின்மேல் பழி போட்டபோதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளாய் அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே நானும் சும்மா இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாய் இருக்கிறது. நேற்று ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அந்த வாடை இன்னும் கையிலேயே இருக்கிறது. இன்று காலை டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படிச்ச பொம்பள நீங்களே இப்படிச் செய்யலாமா என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். நாளையிலிருந்து மாத்திரையை மறுபடி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுக்கத்தான் போகிறேன், நீ என்ன எழுதினாலும் சரி. அவள் கோலாருக்குப் போகமாட்டாள்.

வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய், ஒயின் கூடாது என்று தெரிந்தும் ஏன் குடித்தாய் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே, நீங்க ஆசையா குடுத்தீங்களே அத்தை என்றாள்.

இந்த வீட்டில் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வாள் ஹெர்பர்ட். போ என்று நீ சொன்னால் போயும் விடுவாள். அதனால் என் பேருக்கு எழுதாதே. அவள் பேருக்கு எழுது, இரு என்று எழுது. லீவு கிடைத்தால் நேரில் வந்து சொல். ஸ்வெட்டர் போடாமல் ராத்திரி ஷிப்டுக்குப் போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் ஒன்றாய் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
கிரேஸ் சின்னப்பா