வேலியை வெட்டிவிட்டோம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வாசல் வேலியை வெட்டிவிட்டோம். நீ ஐந்தாவது படிக்கும்போது அப்பாவோடு சேர்ந்து குச்சி குச்சியாக நட்டாயே, அந்த மஞ்சள் பூ வேலிதான். கோபப்படாமல் முழுக்கப் படி. குன்றில் நான் இத்தனை வருடம் காத்துவரும் வெள்ளைப் பூச்செடி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம், வேறெங்கும் கிடையாது, அதன் விதைகளை நாற்றங்காலில் முளைக்கவைத்து இந்த மழைக்குக் குன்றில் நட இருந்தோம். அதற்குமுன் மரபணு சோதனைக்கு இலைகளை அனுப்பினேன். ஆய்வகத்துப் பெண் போன் செய்து, தாய் உங்க செடிதான் மேடம், அப்பன்தான் அதுக்குச் சொந்தமான ஏதோ தோட்டத்துச் செடி என்றாள். அதன் மகரந்தத்தைத் தேனீதானே குன்றுக்குச் சுமந்து வந்திருக்கும். குன்றடியிலிருந்து தேனீக்கள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் நடந்தேன். கடைசியில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். வேலியில் ஓர் இலை கிள்ளி அனுப்பாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்வானேன். அனுப்பினேன், அதுவேதான் அப்பன். வேலியே பயிரை மேய்ந்த கதையில் அந்த வேலிக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான்.

கலப்பு நாற்றுகளை நட்டால் சில தலைமுறைகளில் அசல் செடியே இல்லாமல் போகும். அத்தனையையும் நானும் நாற்றங்கால்காரருமே பிடுங்கினோம். இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் குன்றில் மறுபடி மொட்டு வந்துவிட்டது, அது எனக்காகக் காத்திருக்குமா.

வேலியும் மொட்டு விட்டிருந்தது. மொட்டை மட்டும் கிள்ளிட்டா போதாதா, செடியை ஏன் கொல்லணும் என்றார் உங்கப்பா. ஸ்டூலைப் போட்டு ஏறி தினமும் காலையில் கிள்ளினார், கிள்ளக் கிள்ள வந்தது. பிறகு ஒருநாள் அவரே ரம்பத்தை எடுத்துவந்தார். நான் பிடிக்கப் போனேன், நீ உள்ளே போ என்றுவிட்டார். இப்போது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நம் கூடம் தெரிகிறது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், இருவரும் விட்டுக்கொடுத்துப் போங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. நீ ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போன வேலிக் கிளை உன் பால்கனித் தொட்டியில் இருக்கிறது அல்லவா, உங்கள் பக்கத்துக் காட்டில் அதற்குச் சொந்தபந்தம் ஏதும் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டேன். அங்கே அது யாரையும் கெடுக்காது. தண்ணீர் ஊற்ற மறக்காதே. பூத்தால் அப்பாவுக்குப் படம் அனுப்பு. ஊருக்கு வரும்போது மட்டும் அதைக் கொண்டுவராதே, நீ வா.

இப்படிக்கு,
உன் அம்மா