மலையைச் சுத்தின பிளாஸ்திரி

என் பிரியமான, இப்ப நினைச்சாலே எரிச்சல் வர்ற தேவி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. காமாலைன்னு ஆஸ்பத்திரில சேர்த்தப்ப, பத்து நாள்ல வந்துடுவேன், நம்ம லேப் சாவியத் தொலைச்சிடாதடின்னு சொன்ன. சாவி பத்திரமா இருக்கு. நீதான் வரல.

நல்ல சேதிய முதல்ல சொல்லிடறேன். ஒட்டும் பொருள் ஆராய்ச்சிக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வருஷம் கைகொடுக்கிற திட்டம் இருக்கே, அதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. சம்பளம், சோதனைக்கு மெஷின், வெளியூர் லேப்ல மூணு மாசம் வேலை. கீழ்பென்னாத்தூர்ல எங்கப்பா, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏத்த வந்த வேன்காரர்கிட்ட கூட சொல்லிட்டார். அந்த விண்ணப்பத்தை நீதான் பக்கத்துல உக்காந்து நிரப்பின.

அதுல பெருசா காட்டினது நம்ம பிளாஸ்திரியத்தான். வேர்வையிலயும் ஈரத்துலயும் உள்ளங்கால்ல இருந்து பிஞ்சு வராத பசை. மெஷின்ல இழுத்துப் பார்த்தா பத்தாது, வெறுங்கால்ல கிரிவலம் போய்ப் பார்க்கணும்னு சொன்னவ நீ. அப்ப எனக்குக் கால் சுளுக்கு. அதனால ஒவ்வொரு தடவையும் நீயே ஒட்டிக்கிட்டு விடிஞ்சதும் நடந்த. கடைசியில ஈசானிய லிங்கத்துக்கிட்ட நான் நோட்டோட நிப்பேன். காலைத் தூக்கிக் காட்டுவ. ஒட்டியிருக்கும். எழுதிக்குவேன்.

நீ போனப்புறம், நம்ம நோட்டை வச்சே தேர்வை முடிச்ச திட்டத்துக்காரங்க, சேர்ந்ததும் இன்னொரு தடவை செஞ்சு காட்டணும்னு சொன்னாங்க. முன்கூட்டியே பார்த்துக்கலாம்னு நானே ஒட்டிக்கிட்டு நடந்தேன். பிளாஸ்திரி பாதி தூரம் தாங்கல. பசை கலக்கறது என் கைக்கு வரலன்னு நினைச்சேன். சூடு ஜாஸ்தி வச்சேன், கம்மி வச்சேன். மாசக்கணக்கா என் கையையே திட்டிக்கிட்டிருந்தேன். பேசாம ஊருக்குப் போய் மல்லாட்டை பறிக்கலாம்னு அழுதேன் அக்கா.

போன வாரம் உங்கம்மா உன் பையைக் குடுத்தாங்க. உள்ள ஒரு கவர்ல அழுக்கேறிச் சுருண்ட பிளாஸ்திரிங்க. ஒவ்வொண்ணு முதுகுலயும் உன் கையெழுத்துல தேதியும் பிஞ்ச இடமும். யம லிங்கம். நிருதி லிங்கம். எட்டு லிங்கத்துல அஞ்சாவதான வருண லிங்கத்தைத் தாண்டினது ஒண்ணுகூட இல்ல. பிஞ்ச இடத்துலயே புதுசு ஒட்டிக்கிட்டு, மிச்ச தூரம் நடந்து அழுக்காக்கி, என்கிட்ட காலைக் காட்டியிருக்க.

அடிப்பாவி. என்கிட்டயேவா?

வயசு வரம்பு தாண்டி உனக்கு அந்த உதவி கிடைக்கல, எனக்காவது கிடைக்கட்டும்னு செஞ்சியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேணாம்னு சொல்லியிருப்பேன்னு உனக்குத் தெரியும். அப்புறம் அந்தக் கவரை ஏன் வச்சிருந்த? தூக்கிப் போட மனசு வரலயா, சொல்ல வாய் வரலயா?

"என் பொண்ணு நல்லா வேலை செஞ்சாளாம்மா?"ன்னு உங்கம்மா கேட்டாங்க. நல்லா செஞ்சாங்கம்மான்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பஸ்ல உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

திங்கக்கிழமை திட்டத்துல சேர கையெழுத்துப் போடணும். போடப்போறதில்ல. நடந்ததை எல்லாம் அவங்களுக்கு எழுதப்போறேன். இடம் போனா போகட்டும். எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் புரியல.

சத்தியமா சொல்றேன், பழிய உன் தலையில மட்டும் கட்ட மாட்டேன். ஒரு தடவைகூட உன்னோட நடந்து பார்க்காம எழுதினவ நான். ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கும். தப்பு செய்யும்போது நீ என்னைக் கூப்பிடல. ஒத்துக்கப் போகும்போது நான் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.

கோவம் தீராத உன் தங்கச்சி,
சுமதி