ஏழாம் நாள் ஊசி

நெப்ராஸ்கா, ஜூன் 19

அன்பு மகள் பிரென்னாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. உன் அண்ணி ஜோயெல் பிள்ளை உண்டாகியிருந்தாள், கலைந்துவிட்டது. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. என்னால்தான் நடந்தது.

பசுக்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவர ஏழாம் நாள் போடுவோமே ஒரு ஊசி, அந்த மருந்து தோலில் பட்டாலே கர்ப்பிணிகளுக்கு ஆகாது, புட்டியிலேயே எழுதியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஊசி போட வர வேண்டிய ஆர்லோ முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். நான் சிரிஞ்சை ஜோயெலிடம் நீட்டினேன். கேட்காமல் கொடுக்கவில்லை, ஆனால் கேட்ட விதம் இருக்கிறதே! வேலிமேல் உட்கார்ந்திருந்த நாலு ஆட்கள் காதில் விழ, "என்ன ஜோயெல், வயித்துல ஒண்ணும் ஒளிச்சு வைக்கலையே?" என்று வாயாடினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சு விடாதே என்று அவள் அம்மா சொல்லியிருந்தாராம், உன் அண்ணன் வேடுக்குக்கூடத் தெரியாது. பாதி மாடுகள் முடிவதற்குள் கையுறை கிழிந்து மருந்து கையில் வழிந்திருக்கிறது, அவள் ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அறுபது மணி நேரம் கழித்து, வியாழன் சாயங்காலம் சினை ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வயிற்றுவலி என்று உன் அம்மா வந்து சொன்னாள். தொண்ணூறு மைல் தள்ளி ஆஸ்பத்திரிக்கு அவளே கார் ஓட்டிக்கொண்டு போனாள். கூடக் கிளம்பிய வேடை நான்தான் நிறுத்தினேன். "நேரம் தப்பினா அத்தனையும் பாழ்டா, முடிச்சுட்டுப் போ" என்றேன். அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஜோயெல் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பசுக்கள் பெரும்பாலும் சினை பிடித்திருக்கும், மார்ச்சில் வரிசையாகக் கன்று போடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த மந்தைக்கு ஊசி போட உதவிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா அம்மா, உன் அண்ணிக்கும் ஆறுதலாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, வழியில் பார்த்து வண்டி ஓட்டு. கிளம்புமுன் ஒன்று. அன்று நாலு பேர் நடுவில் கேட்டதை உன்னிடம் தனியாகக் கேட்கிறேன். உனக்கு ஏதாவது விசேஷம் உண்டா? மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்காதே, மூன்று நாளானாலும் எழுதிவிடு. உன் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். உன் பதில் வரும்வரை மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா வர்ஜில்